நீங்க லீவ் போட்டா என்ன நின்னு போகும்?

குடைச்சலக்கா என்ற பெயரை அவளுடைய முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. படியிறங்கிப் போகும்போதுதான் சொல்வார்கள். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இரண்டாவது மாடியில் அவளுடைய அறை, நடுவே குறுகலான படிக்கட்டு. மேலே பேசினால் கீழே கேட்கும், கீழே பேசினால் மேலே இன்னும் நன்றாகக் கேட்கும். ஆகவே அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். ஒரு மணி நேரம் போட்டுக் குடைந்தவளை வேறு எப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிடுவாள்.

ரெஸ்யூம் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். ஜன்னலுக்கு எதிரே வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள்: வங்கி, காப்பீடு, ஆடிட் கம்பெனி, முதலீட்டு நிறுவனம். அவற்றுக்குள் நுழையத் தவிக்கிறவர்களும், அவற்றிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்களும்தான் அவளுடைய படியேறி வருகிறவர்கள். முன்பு அவளும் அதே மாதிரிக் கட்டடம் ஒன்றில் பதினொரு வருஷம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள். ஒரு நாற்காலிக்கு நானூறு விண்ணப்பம் வரும். பேன் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் பார்க்க நேரம் ஏது? ஒன்றுக்கு அரை நிமிஷம். நானூறு பேரும் கடின உழைப்பாளிகள், நானூறு பேரும் பொறுப்புடன் செயல்படுகிறவர்கள். அப்படியானால் சோம்பேறிகள் எல்லாரும் வேலையே தேடுவதில்லையா என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய கேள்வி. வந்து உட்கார்ந்தவரின் எதிரிலேயே லேப்டாப்பை மூடி வைப்பாள். ஒரு பென்சில், ஒரு வெள்ளைத்தாள். "நீங்க ஒரு நாள் லீவ் போட்டா உங்க ஆபீஸ்ல என்ன நின்னு போகும்?" என்று கேட்பாள். அவ்வளவுதான் தொழில் ரகசியம்.

கேட்டதும் பெரும்பாலானவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பிறகு மெதுவாக ஏதாவது வரும். உலகத்தரம், தொலைநோக்கு என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்த வங்கிக்காரர் ஒருவர், அரைமணி நேரக் குடைச்சலுக்குப் பிறகு, "நான் வரலைன்னா, காலைல பத்து மணிக்குள்ள பேங்க் கையில எவ்வளவு பணம் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம்" என்றார். அதையே முதல் வரியாகப் போட்டாள். மூன்று இடங்களில் கூப்பிட்டார்கள். இன்னொருவர் தலையைச் சொறிந்துகொண்டு, "உண்மையைச் சொல்லணும்னா, நான் போனாத்தான் மேடம் அங்க எல்லாம் நின்னு போகுது" என்றார். அவருக்கும் ஒரு வழி பண்ணித்தான் அனுப்பினாள், அது வேறு கதை.

எண் என்று ஒன்று வந்துவிட்டால் அவள் சும்மா விடமாட்டாள். எதிலிருந்து எதுவாகக் குறைந்தது, எத்தனை மாதத்தில், கேட்டால் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணைத் தாளில் ஏற்றமாட்டாள். ரெஸ்யூமில் பொய் எழுதுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவன் கையில் கரண்டி இருக்கிறது என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தம்பி. அவனுக்குத்தான் எட்டு மாதமாக வேலை இல்லை.

ஒன்பது வருஷம் ஒரே நிறுவனத்தில் இருந்தவன். மாதம் முடிந்ததும் எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் சேர்த்து முடித்து, மேலே அறிக்கை அனுப்புவது அவன் வேலை. ஒரு நாள் கூப்பிட்டு, மறுசீரமைப்பு என்று சொல்லி, கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் காலை ஏழு மணிக்கு முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவான். அவன் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பான். அவள் சம்பளம் வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் சரியாகப் போனது. வருஷக் கடைசிக்குள் ஒன்றும் அமையாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு அக்காவும் அம்மாவும் இருக்கிற இரண்டு அறைக்குள் வந்து சேர வேண்டியதுதான் என்று பேச்சு வந்துவிட்டது.

அம்மா இதைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் எழுதிக் குடுக்கற. கூடப் பொறந்தவனுக்கு எழுத உனக்குக் கை வலிக்குதாடி?"

"அவன் வந்து உக்காரட்டும்மா. நானா வேண்டாம்னேன்?"

அவன் வரவில்லை. எங்கெங்கோ தானே எழுதி அனுப்பினான். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் எதிர்க்கட்டடத்துப் பெரிய நிறுவனம் ஒன்று, மாதக் கணக்கு அறிக்கைப் பிரிவுக்குத் துணை மேலாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவனுக்கென்றே வந்த வேலை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்கள் சாயங்காலம் மூன்று பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான்.

அக்கா வழக்கம்போல லேப்டாப்பை மூடினாள். அவன் கையை நீட்டித் திரும்பத் திறந்து வைத்தான்.

"அக்கா, அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். நான் உன் கஸ்டமர் இல்ல. இதுல இருக்கறதைக் கொஞ்சம் அழகு பண்ணிக் குடு, போதும்."

அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. சட்டைக் காலர் மட்டும் விறைப்பாக நின்றது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. சரி என்று தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாவது பத்தியில், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தியவர் என்று இருந்தது.

"பன்னிரண்டு பேரா?"

"பன்னிரண்டு பேர்கிட்டேருந்துதான் ஃபைல் வரும். நான்தான் அவங்களைத் துரத்தி வாங்கணும். வழிநடத்தறதுன்னா வேற என்ன?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் பென்சிலைக் கீழே போட்டிருப்பாள். எதிலிருந்து எதுவாக, எத்தனை மாதத்தில், சாட்சி யார் என்று கிழித்திருப்பாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அது அன்று ஆடியது. பன்னிரண்டை அப்படியே விட்டாள். விட்டதோடு நில்லாமல் அதைத் தூக்கி முதல் வரிக்குக் கொண்டுவந்து, ஒரே பக்கத்தில் ஓரமெல்லாம் அளவாக விட்டு, அச்செடுத்துக் கொடுத்தாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பதினேழு வருஷத் தொழிலில் அவள் கேள்வி கேட்காமல் எழுதிய முதல் ரெஸ்யூம் அதுதான்.

புதன்கிழமை மழை. முந்தைய வாரமே நேரம் குறித்து வைத்திருந்த ஒரு பெண், நீலக் குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். சின்னக் கடன் நிறுவனம் ஒன்றில் வேலை. பையிலிருந்து ஈரம் படாமல் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். எதிர்க்கட்டடத்து நிறுவனம், மாதக் கணக்கு அறிக்கைப் பிரிவு, துணை மேலாளர்.

"எனக்கு இது கொஞ்சம் பேராசைதான் மேடம். இருந்தாலும் ஒரு தடவை முட்டிப் பாக்கலாம்னு."

ஒரு நாற்காலி, அதற்குத் தம்பி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. ஆனால் லேப்டாப்பையும் அவள் மூடவில்லை. பெயர், படிப்பு, பார்த்த வேலை என்று கேட்டுக் கேட்டுத் தட்டினாள். கடின உழைப்பாளி என்று போட்டாள். பொறுப்புடன் செயல்படுகிறவர் என்று போட்டாள். இருபது நிமிஷத்தில் முடித்து அச்சுக்கு அனுப்பினாள். பொய் ஒன்றும் எழுதவில்லையே, எல்லாரும் எழுதுகிறதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அச்சு இயந்திரம் பாதியில் நின்றது. தாள் தீர்ந்துவிட்டது. கீழே ஜெராக்ஸ் கடைக்குக் குரல் கொடுத்தால் அங்கேயும் கூட்டம். நீலக்குடைப் பெண் எழுந்து, வெளியே வந்திருந்த முதல் பக்கத்தைக் கையில் எடுத்து, நின்றபடியே படித்தாள். "ரொம்ப நன்றி மேடம்" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் ஏமாற்றம் கூட இல்லை. இவ்வளவுதான் நாம் என்று ஒப்புக்கொண்ட முகம். பழைய வேலையில் பதினொரு வருஷம் அரை நிமிஷத்துக்கு ஒன்றாக அக்கா கழித்துப் போட்ட விண்ணப்பங்களுக்கு முகம் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"உக்காருங்கம்மா. முதல்லேருந்து ஆரம்பிப்போம்." லேப்டாப்பை மூடினாள். "நீங்க ஒரு நாள் லீவ் போட்டா உங்க ஆபீஸ்ல என்ன நின்னு போகும்?"

அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எதுவும் நிக்காது மேடம். ஆனா தப்பாப் போகும். நாலு கிளைலேருந்து எண் வரும். எந்தக் கிளைக்காரர் அடுத்த மாச வசூலை இந்த மாசத்துலயே காட்டறாருன்னு எனக்குப் பாத்தாலே தெரியும். நான் இல்லாத அன்னைக்கு அதை அப்படியே சேத்து அனுப்பிடுவாங்க."

"எத்தனை தடவை பிடிச்சிருக்கீங்க?"

"ஒன்றரை வருஷத்துல ஏழு தடவை."

"சாட்சி?"

"மெயில் எல்லாம் இருக்கு மேடம். ரெண்டு தடவை எங்க முதலாளியே என்னைத் திட்டிட்டு, அப்புறம் வந்து மன்னிப்புக் கேட்டாரு."

அக்கா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். எழுத எழுத, தம்பிக்குக் குழி தோண்டுகிறோம் என்று தெரிந்தது. கை நிற்கவில்லை. கடைசியில் ஜெராக்ஸ் கடையில் இருபது தாள் கடன் வாங்கி அச்செடுத்துக் கொடுத்தாள். இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரத்தில் தம்பிக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எட்டு மாதத்தில் வந்த முதல் அழைப்பு. அம்மா முட்டி வலியைக்கூட மறந்து வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். "பாத்தியா, என் பொண்ணு கை பட்டா போதும்" என்றாள். அக்கா சிரித்து வைத்தாள்.

நேர்காணல் முடிந்து நேராக அவளுடைய அறைக்குத்தான் வந்தான். டையைக் கழற்றிச் சட்டைப்பையில் சுருட்டி வைத்திருந்தான்.

"பன்னிரண்டு பேர்ல மாசக் கடைசில ரெண்டு பேர் ஒரே நாள் லீவ் கேட்டா யாருக்குக் குடுப்பீங்க, போன வருஷம் அப்படி நடந்ததைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்றது? யாராவது என்கிட்ட லீவ் கேட்டிருந்தாத்தானே? உளறினேன். கேள்வி கேட்ட அந்த அம்மா பேனாவை மூடி வச்சிட்டாங்க. அதுக்கப்புறம் அரைமணி நேரம் சும்மா மரியாதைக்குப் பேசினாங்க."

மூன்றாம் நாள் இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி, வாழ்த்துகிறோம் என்று ஒரு வரி.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, தம்பி அக்காவின் அச்சு இயந்திரத்தைக் குடைந்துகொண்டிருந்தான். அது ஒரே நேரத்தில் இரண்டு தாளை இழுத்துக்கொண்டிருந்தது. வேலை இல்லாதவன் கைக்கு வீட்டிலிருக்கிற எல்லா ரிப்பேரும் வந்து சேர்ந்துவிடும். அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. நீலக்குடைப் பெண். இன்று மழை இல்லை, குடை மடித்துக் கையில் இருந்தது. மறுகையில் ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஐந்நூறு தாள், உறை பிரிக்காதது.

"இனிப்பு வாங்கிட்டு வரலாம்னுதான் நினைச்சேன் மேடம். அன்னைக்குப் பேப்பர் இல்லாம நீங்க பட்ட பாடு ஞாபகம் வந்துச்சு." மேசையில் வைத்தாள். "அந்தத் துணை மேலாளர் வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமையிலேருந்து எதிர் பில்டிங்லதான். அந்த ஏழு தடவையைப் பத்தியே முக்கால் மணி நேரம் கேட்டாங்க. நான் பாட்டுக்குச் சொல்லிட்டே இருந்தேன்."

அக்கா ஏதோ வாழ்த்தினாள். தம்பி இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அந்தப் பெண் அவனுக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

கீழே காலடி ஓய்ந்ததும் தம்பி மூடியைச் சாத்தினான்.

"அவங்ககிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"என்கிட்ட மட்டும் கேக்கல."

"நீதானேடா வேண்டாம்னே."

"சின்ன வயசுலேருந்து நான் எதையாவது வேண்டாம்னு சொல்லி நீ கேட்டிருக்கியா அக்கா? நான் காய்ச்சல்ல படுத்தா என் வாயைப் பொளந்து மருந்தை ஊத்துவே. இதுக்கு மட்டும் ஏன் என் பேச்சைக் கேட்டே?"

அவனைப் பார்த்துப் பாவமாக இருந்தது, அதனால்தான் அவன் பேச்சைக் கேட்டாள். வழியோடு போகிறவளை நம்பிய அளவுக்குத் தன் தம்பியை நம்பவில்லை. குடைந்தால் உள்ளே ஒன்றும் இருக்காதோ என்று அவளே பயந்திருக்கிறாள். இதை எந்த வாயால் சொல்வது?

தம்பி கையிலிருந்த மைக்கறையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தான். லேப்டாப்பை அவனே மூடினான்.

"இப்பக் கேளு."

"வேண்டாம்டா."

"கேளுக்கா."

கேட்டாள்.

"எதுவும் நிக்காது" என்றான். "நிக்கல. அதனாலதான் அனுப்பினாங்க. அம்மா முட்டி ஆபரேஷனுக்கு ஒரு வாரம் லீவ் போட்டேனே, ஞாபகம் இருக்கா? உனக்கு அப்ப வேலை நெருக்கம், நீதான் என்னைப் போடச் சொன்னே. சரியா மாசக் கடைசி. ஒன்பது வருஷத்துல மாசக் கடைசில நான் லீவ் போட்டது அந்த ஒரு தடவைதான். ஆஸ்பத்திரியில போனைக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல. திரும்பிப் போய்ப் பாத்தா கணக்கு முடிஞ்சு அறிக்கை போயாச்சு. அடுத்த மாசம் லெட்டரைக் குடுத்துட்டாங்க."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. ஆனால் பதினேழு வருஷப் பழக்கம் அவளை விடவில்லை.

"நீ இல்லாம அது எப்படிடா முடிஞ்சுது?"

"அதுவா? கம்ப்யூட்டர்ல நான் போட்டு வச்ச எக்ஸெல் ஷீட். அதுக்கு முந்தின வருஷம் பூரா உக்காந்து பண்ணினேன். பன்னிரண்டு பேர் ஃபைலையும் அதுவே இழுத்துச் சேத்து, எங்க உதைக்குதுன்னு சிவப்புல காட்டிடும். பட்டனைத் தட்டினாப் போதும், யார் வேணா தட்டலாம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். "உக்காந்த கிளையை நானே வெட்டிட்டேன். இதை எப்படிக்கா ரெஸ்யூம்ல போடறது? வெளிய சொன்னாலே வெக்கம்."

அக்கா எழுந்தாள். நீலக்குடைப் பெண் கொண்டுவந்த கட்டைப் பிரித்து, மேலேயிருந்து ஒரு தாளை உருவினாள். பென்சிலை எடுத்தாள்.

"முன்னாடி கணக்கு முடிக்க எத்தனை நாள்?"

"ஆறு."

"சரியா ஆறா?"

"சில மாசம் ஏழும் ஆகும்."

"ஷீட் போட்ட பிறகு?"

"ஒன்றரை." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் ஏன் இத்தனை கேட்கிறாள் என்று மெல்லப் புரிய ஆரம்பித்திருந்தது.

"எத்தனை மாசமா ஒன்றரை?"

"நான் இருந்தப்ப பத்து மாசம். நான் வெளிய வந்தப்புறமும் அதுலதான் ஓடுதாம்."

"கேட்டா சாட்சி சொல்ல யாரு இருக்கா?"

தம்பி ஜன்னல் வழியே எதிர்க்கட்டடத்தைப் பார்த்தான்.

"என்னை வேலையை விட்டு அனுப்பினவரே சொல்லுவாரு" என்றான்.

அக்கா அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.